0.7-லிருந்து 1.2: லேபுக்குத் தெரிந்தது வார்டுக்கு ஏன் தெரியவில்லை?

மூன்று வருடங்களுக்கு முன் அப்பாவுக்குக் காலில் ஒரு புண். சர்க்கரை கிடையாது, ஆனால் வயது 71. புண் பழுத்து, காய்ச்சலும் சேர்ந்துகொண்டதால் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். சேர்த்த அன்று எடுத்த ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் 0.7. இரண்டு நாள் கழித்து எடுத்ததில் 1.2. இரண்டு தாள்களிலும் பக்கத்தில் அச்சாகியிருந்த நார்மல் ரேஞ்ச் 0.6 – 1.3. ஆக, இரண்டுமே நார்மல். நானும் பார்த்தேன், நார்மல் என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

அந்த இரண்டு நாளும் அவருக்கு வாந்தி. சாப்பாடு இறங்கவில்லை, தண்ணீரும் சரியாகக் குடிக்கவில்லை. கால் வலிக்கு டைக்ளோஃபினாக் ஊசி போய்க்கொண்டிருந்தது. பிரஷர் மாத்திரையும் வழக்கம்போல. ஐந்தாம் நாள் கிரியேட்டினின் 2.6. அப்போதுதான் தாளில் தடித்த எழுத்தில் 'எச்' (அதிகம் என்பதற்கான குறி) வந்தது. அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. சிறுநீரக மருத்துவர் வந்தார், ஊசியை நிறுத்தினார், டிரிப்ஸை மாற்றினார், சிறுநீரை அளந்து எழுதச் சொன்னார். டயாலிசிஸ் வரைக்கும் போகாமல் தப்பித்தோம்.

டிஸ்சார்ஜ் அன்று பழைய ரிப்போர்ட்டுகளை வாங்க லேபுக்குப் போனேன். அங்கே இருந்த டெக்னீஷியனிடம் பேச்சோடு பேச்சாக அந்த 1.2-ஐக் காட்டி, "இது முன்னாடியே ஏற ஆரம்பிச்சிருக்கு போல?" என்று கேட்டேன். அவர் தாளைப் பார்த்துவிட்டு யோசிக்காமல் சொன்னார்:

"ஆமா சார், எனக்கு ஞாபகம் இருக்கு. டெல்டா செக்ல நின்னுச்சு. சாம்பிள் மாறிப்போச்சோன்னு டியூப்ல பேரு பார்த்தேன், திரும்ப ஒரு தடவை ஓட்டினேன். அதே 1.2 தான் வந்தது. கரெக்டா இருக்குன்னு ரிலீஸ் பண்ணிட்டேன்."

மேலே வார்டில் டியூட்டி டாக்டரிடம் இதைச் சொன்னபோது அவர் சொன்னது: "லேப்ல மார்க் பண்ணியிருந்தா பார்த்திருப்போம் சார். நைட்டு நாப்பது ரிப்போர்ட் வரும், எச் போட்டதைத்தான் முதல்ல பார்ப்போம்."

இரண்டு பேர் மீதும் எனக்குக் கோபம் வரவில்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் வீட்டுக்கு வந்து யோசித்தபோது ஒன்று உறைத்தது. இருவருமே தங்கள் வேலையைச் சரியாகத்தான் செய்திருந்தார்கள். டெக்னீஷியன் எண் சரியா என்று பார்த்தார், சரி. டாக்டர் ரேஞ்சுக்கு வெளியே போயிருக்கிறதா என்று பார்த்தார், போகவில்லை. ஆனால் இரண்டு நாளில் ஒரு மனிதரின் சிறுநீரகம் எவ்வளவு மாறியிருக்கிறது என்ற கேள்வி யாருடைய வேலையிலும் இல்லை. அதைக் கண்டுபிடித்தது மென்பொருள்தான். கண்டுபிடித்ததை எங்கே சொல்ல வேண்டும் என்று அதற்கு யாரும் சொல்லித் தரவில்லை.

அன்றிலிருந்து அவ்வப்போது இதைப் பற்றிப் படித்துச் சேர்த்த குறிப்புகள்தான் இந்தப் பதிவு. முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: நான் மருத்துவன் இல்லை. பி.இ. படித்துவிட்டு இருபது வருடமாக மென்பொருள் எழுதுகிறவன். இதை மருத்துவ ஆலோசனையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கிரியேட்டினின் என்னதான் சொல்கிறது?

கிரியேட்டினின் என்பது தசைகளிலிருந்து வரும் ஒரு கழிவு. தினமும் கிட்டத்தட்ட ஒரே அளவு உண்டாகும். சிறுநீரகம் அதை வடிகட்டி வெளியே தள்ளும். ஒரு தண்ணீர்த் தொட்டியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மேலே குழாய் ஒரே வேகத்தில் திறந்திருக்கிறது, கீழே ஓட்டை வழியாகத் தண்ணீர் வெளியேறுகிறது. ஓட்டை பாதி அடைத்துக்கொண்டால் தொட்டியில் மட்டம் ஏறும். எவ்வளவு ஏறி நிற்கிறது என்பதை வைத்து எவ்வளவு அடைத்திருக்கிறது என்று கணிக்கலாம். வடிகட்டும் திறன் பாதியானால், காலப்போக்கில் கிரியேட்டினின் ஏறக்குறைய இரட்டிப்பாகும்.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, மட்டம் உடனே ஏறாது. சிறுநீரகம் இன்று அடி வாங்கினால், எண்ணில் அது முழுதாகத் தெரிய ஒன்றிரண்டு நாள் ஆகலாம். அதனால் சின்ன ஏற்றத்தைக்கூட அலட்சியப்படுத்த முடியாது. அது பெரிய ஏற்றத்தின் முதல் படியாக இருக்கலாம்.

இரண்டாவது, தொட்டிக்குத் தொட்டி குழாய் வேறு. தசை அதிகமுள்ள முப்பது வயதுக்காரருக்கு 1.2 என்பது அவருடைய சாதாரண நிலையாக இருக்கலாம். மெலிந்த 71 வயது மனிதருக்கு 0.7 தான் சாதாரணம், அவருக்கு 1.2 என்றால் ஏதோ நடந்திருக்கிறது. நார்மல் ரேஞ்ச் என்பது ஆரோக்கியமான பலரை அளந்து, நடுவில் இருக்கும் 95 சதவீதத்தினரின் எண்களை வைத்துப் போடும் எல்லை. ஊருக்குப் பொதுவான எல்லை அது. ஒரு தனி ஆள் தன் சொந்த எல்லையைத் தாண்டிவிட்டாரா என்பதை அது சொல்லாது. கிரியேட்டினின் விஷயத்தில் இந்த இடைவெளி பெரியது: ஒரே ஆளிடம் அது நாளுக்கு நாள் அதிகம் மாறாது, ஆனால் ஆளுக்கு ஆள் நிறைய மாறும்.

அதனால்தான் 2012-இல் வந்த 'கேடிகோ' என்ற சர்வதேச வழிகாட்டு நெறி, திடீர் சிறுநீரகப் பாதிப்பை ரேஞ்சை வைத்து வரையறுக்கவில்லை. மாற்றத்தை வைத்து வரையறுக்கிறது. 48 மணி நேரத்துக்குள் 0.3 மில்லிகிராம் ஏறினாலோ, ஏழு நாளுக்குள் அடிப்படை அளவைப்போல 1.5 மடங்கு ஆனாலோ, அல்லது சிறுநீர் வெளியேறுவது ஒரு கிலோ எடைக்கு மணிக்கு 0.5 மில்லிலிட்டருக்குக் கீழ் ஆறு மணி நேரம் இருந்தாலோ, அது திடீர் பாதிப்பு. அப்பாவின் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். 1.2-ஐ 0.7-ஆல் வகுத்தால் 1.71. மூன்றாம் நாளே அவர் முதல் கட்டத்தில் இருந்திருக்கிறார். 'எச்' வந்த ஐந்தாம் நாளில் 3.7 மடங்கு, அது மூன்றாம் கட்டம், அதாவது கடைசிக் கட்டம்.

ஒரே கணக்கு, இரண்டு கேள்விகள்

இப்போது அந்த டெல்டா செக்குக்கு வருவோம். இது லேப் மென்பொருள்களில் 1970-களிலிருந்து இருக்கும் விஷயம். ஒரு நோயாளியின் புது எண்ணை அவருடைய முந்தைய எண்ணோடு ஒப்பிட்டு, வித்தியாசம் ஓர் அளவைத் தாண்டினால் ரிப்போர்ட்டை நிறுத்தி வைக்கும். எதற்காக? லேபின் தரத்துக்காக. ஒருவருடைய டியூபில் இன்னொருவர் பெயர் ஒட்டப்பட்டிருக்கலாம், டிரிப்ஸ் ஏறும் கையிலேயே ரத்தம் எடுத்திருக்கலாம், கருவி கோளாறாகியிருக்கலாம். இதையெல்லாம் பிடிக்கத்தான் அந்த வசதி.

ஆக, டெல்டா செக் நின்றால் டெக்னீஷியன் மனதில் வரும் கேள்வி: "இந்த எண் தப்பா?" திரும்ப ஓட்டி, சரி என்று தெரிந்தால் அவருக்குப் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் எண் சரி என்று உறுதியாகும் அந்த நொடியில்தான் மருத்துவருக்குப் பிரச்சினை ஆரம்பிக்கிறது. தப்பான எண்ணாக இல்லாவிட்டால், மாறியிருப்பது நோயாளிதானே?

ஒரே கழித்தல் கணக்கு. லேபில் அது தரக்கட்டுப்பாடு; வார்டில் அதுவே நோயறிதல். இந்த இரண்டு அர்த்தங்களும் ஒரே திரையில் சந்திக்க வேண்டுமானால், லேப்காரரும் டாக்டரும் முன்கூட்டியே உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். அப்படிப் பேசிய ஒரு நாட்டின் கதை கிடைத்தது.

இங்கிலாந்தில் என்ன செய்தார்கள்?

2009-இல் இங்கிலாந்தில் ஓர் அறிக்கை வந்தது. மருத்துவமனையில் திடீர் சிறுநீரகப் பாதிப்பால் இறந்தவர்களின் கோப்புகளைத் திரும்ப எடுத்துப் படித்துப் பார்த்த தேசிய ஆய்வு அது. அவர்களில் பாதிப் பேருக்குத்தான் நல்ல கவனிப்பு கிடைத்திருந்தது என்று அது சொன்னது. பாதிப்பைத் தாமதமாகக் கண்டுபிடித்ததும் குறைகளில் ஒன்று.

சில ஊர்களில் தனித்தனியாக முயற்சிகள் ஆரம்பித்தன. டெர்பி நகர மருத்துவமனையில் கிரியேட்டினின் மாற்றத்தைக் கணினியே கணக்கிட்டு ரிப்போர்ட்டில் சேர்க்கும் ஏற்பாட்டைச் செய்து, 2012-இல் அதைப் பற்றி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். ஆனால் ஒவ்வொரு மருத்துவமனையும் ஒவ்வொரு ஃபார்முலா போட்டால், இங்கே எச்சரிக்கை வரும் அதே நோயாளிக்கு அங்கே வராது. அதனால் சிறுநீரக மருத்துவர்களும் மருத்துவ உயிர்வேதியியல் ஆய்வகத்தாரும் சேர்ந்து நாடு முழுக்க ஒரே வழிமுறை ஒன்றை ஒப்புக்கொண்டார்கள். 2014 ஜூனில் இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவை அதை எல்லா மருத்துவமனைகளுக்கும் பாதுகாப்பு அறிவிப்பாக அனுப்பியது. அடுத்த மார்ச்சுக்குள் லேப் மென்பொருளில் ஏற்ற வேண்டும் என்று கெடுவும் வைத்தது.

இதை வார்டு மென்பொருளில் வைக்காமல் லேப் மென்பொருளில் வைத்ததைக் கவனியுங்கள். அங்கே குடும்ப மருத்துவர் அனுப்பும் ரத்தமும் பெரும்பாலும் அதே வட்டார மருத்துவமனை லேபுக்குத்தான் வருகிறது. அதனால் ஒருவரின் போன வருடத்து கிரியேட்டினின் வார்டில் இருக்காது, லேபில் இருக்கும். கணக்கை, பழைய எண்கள் இருக்கும் இடத்தில் வைத்தார்கள்.

ஒரு ஃபார்முலாவுக்குள் எத்தனை பேர்

என்னைப் போன்ற ஒரு புரோகிராமரிடம் "கிரியேட்டினின் ஏறினால் எச்சரிக்கை கொடு" என்று சொன்னால் என்ன எழுதுவேன்? புது எண்ணைக் கடைசி எண்ணால் வகு, 1.5-க்கு மேல் போனால் மணி அடி. மூன்று வரி. சாயங்காலம் முடித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

இது எவ்வளவு தப்பு என்று பாருங்கள். தினமும் பரிசோதிக்கும் ஒரு நோயாளிக்கு 0.7, 0.9, 1.2, 1.5 என்று எண்கள் வருகின்றன. 0.9/0.7 என்றால் 1.29. 1.2/0.9 என்றால் 1.33. 1.5/1.2 என்றால் 1.25. என் நிரல் ஒரு தடவைகூட மணி அடிக்காது. நோயாளியின் கிரியேட்டினின் இரண்டு மடங்குக்கு மேல் போய்விட்டது!

இங்கிலாந்து வழிமுறை இப்படிச் செய்கிறது. கடந்த ஏழு நாளில் எண்கள் இருந்தால், அவற்றில் *மிகக் குறைந்ததை* எடுத்துக்கொள்ளும். ஏழு நாளில் எதுவும் இல்லாமல், 8 முதல் 365 நாளுக்குள் இருந்தால் அவற்றின் *இடைநிலையை* (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்) எடுத்துக்கொள்ளும். புது எண் அதைப்போல 1.5 மடங்கு என்றால் முதல் கட்டம், 2 மடங்கு என்றால் இரண்டாம் கட்டம், 3 மடங்கு என்றால் மூன்றாம் கட்டம். மடங்கு 1.5-ஐத் தொடாவிட்டாலும், 48 மணி நேரத்தில் 26 மைக்ரோமோலுக்கு மேல் ஏறியிருந்தால் அதுவும் முதல் கட்டம்.

ஒரு வாரத்துக்கு ஏன் குறைந்தபட்சம், ஒரு வருடத்துக்கு ஏன் இடைநிலை? ஒரு வாரத்துக்குள் நோயாளி ஏற்கெனவே சறுக்க ஆரம்பித்திருக்கலாம். அதனால் அவர் இருந்த நல்ல நிலையைத் தேட வேண்டும். ஒரு வருடத்து எண்களில் குறைந்தபட்சத்தை எடுத்தால், எப்போதோ தற்செயலாகக் குறைந்து வந்த ஒற்றை எண் எல்லோரையும் நோயாளியாக்கிவிடும். முதல் காரணம் வார்டில் நின்றவருக்குத் தெரியும். இரண்டாவது, எண்கள் தாமாகவே எவ்வளவு ஆடும் என்று தினமும் பார்க்கும் லேப்காரருக்குத் தெரியும். ஒரே 'இஃப்' வாக்கியத்துக்குள் இரண்டு தொழில்களின் அனுபவம் இருக்கிறது.

இன்னும் சில, படிக்கப் படிக்க எனக்கு ஆச்சரியமாக இருந்தவை:

- கிரியேட்டினினை அளக்கும் ஒரு முறை 1886-இல் மேக்ஸ் யாஃபே கண்ட வேதிவினையிலிருந்து வந்தது. பிக்ரிக் அமிலத்தோடு சேர்ந்து ஆரஞ்சு-சிவப்பு நிறம் வரும். இன்றும் மலிவு என்பதால் பரவலாக இருக்கிறது. ஆனால் ரத்தத்தில் கீட்டோன்கள் அதிகமாக இருந்தால் அவையும் அந்த நிறத்தைக் கொடுத்து எண்ணை ஏற்றிக் காட்டலாம். என்சைம் முறையில் இந்தத் தொல்லை குறைவு, செலவு கூடுதல். நேற்று ஒரு முறையிலும் இன்று இன்னொரு முறையிலும் அளந்திருந்தால், மாறியது நோயாளியா முறையா? இந்தக் கேள்வி லேப்காரருக்குத்தான் தோன்றும்.

- டயாலிசிஸ் நோயாளிக்கு ஒவ்வொரு முறையும் டயாலிசிஸ் முடிந்ததும் கிரியேட்டினின் விழும், அடுத்த இரண்டு நாளில் ஏறும். வழிமுறை அதைப் பார்த்துத் திடீர் பாதிப்பு என்று கூவும். அந்த நோயாளி டயாலிசிஸில் இருக்கிறார் என்பது வார்டுக்குத் தெரியும், லேபுக்குத் தெரியாது.

- டிரைமெத்தோப்ரிம் என்ற ஆன்டிபயாட்டிக் சிறுநீரகத்தைக் கெடுக்காமலேயே கிரியேட்டினினைக் கொஞ்சம் ஏற்றும். மருந்துச் சீட்டும் வார்டில்தான் இருக்கிறது.

- 26 மைக்ரோமோல் என்ற எண்ணை அப்படியே நம் ஊர் மென்பொருளில் போட்டால் எச்சரிக்கை வரவே வராது, ஏனென்றால் நாம் மில்லிகிராமில் அளக்கிறோம். ஒரு மில்லிகிராம்/டெசிலிட்டர் என்பது 88.4 மைக்ரோமோல்/லிட்டர். 26 என்பது சுமார் 0.3 தான். இதில் தப்பு செய்யக்கூடியவர் நான்.

இதனால்தான் அந்த வழிமுறை தரும் பதிலுக்கு அவர்கள் வைத்த பெயரும் 'எச்சரிக்கைக் கட்டம்'. 'நோய்' என்று சொல்லவில்லை. லேப் தனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறது. தெரியாததை டாக்டர் சேர்த்துக்கொண்டு முடிவு செய்ய வேண்டும். சிறுநீர் எவ்வளவு போகிறது என்று லேபுக்கு எப்படித் தெரியும்?

எச்சரிக்கை கொடுத்தால் போதுமா?

இந்த இடத்தில் கதை சுபமாக முடிந்தது என்று எழுதத்தான் ஆசை. ஆனால் ஆய்வு முடிவுகள் அப்படிச் சொல்லவில்லை.

அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் ஆறு மருத்துவமனைகளில் சுமார் 6,000 நோயாளிகளை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். பாதிப் பேருக்கு டாக்டரின் திரையில் எச்சரிக்கை வரும், பாதிப் பேருக்கு வராது. 2021-இல் முடிவு வெளியானது. எச்சரிக்கை வந்தவர்களுக்கு மொத்தத்தில் எந்தப் பலனும் இல்லை. நோய் முற்றுவதோ டயாலிசிஸோ இறப்போ குறையவில்லை. அதைவிட அதிர்ச்சி: பயிற்சி மருத்துவமனை அல்லாத இரண்டு இடங்களில், எச்சரிக்கை வந்த குழுவில்தான் இறப்பு அதிகமாக இருந்தது. ஏன் என்று ஆய்வாளர்களாலேயே உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

இதைப் படித்தபோது கொஞ்ச நேரம் எனக்குப் பேச்சு வரவில்லை. அப்பாவுக்கு அன்றைக்கு ஒரு எச்சரிக்கை வந்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்றுதான் அதுவரை நம்பிக்கொண்டிருந்தேன்.

இங்கிலாந்தில் இன்னொரு ஆய்வு, 2019-இல் வெளியானது. ஐந்து மருத்துவமனைகள், சுமார் 24,000 பாதிப்பு நிகழ்வுகள். இங்கே எச்சரிக்கையோடு மேலும் இரண்டு விஷயங்களைச் சேர்த்தார்கள். எச்சரிக்கை வந்தால் என்னென்ன செய்ய வேண்டும் என்ற பட்டியல் ஒன்று. ஊழியர்களுக்குப் பயிற்சி இன்னொன்று. 30 நாள் இறப்பு விகிதம் இங்கேயும் குறையவில்லை. ஆனால் பாதிப்பை அடையாளம் காண்பது கூடியது, மருத்துவமனையில் தங்கும் நாட்கள் குறைந்தன.

இரண்டு ஆய்வுகளும் ஒன்றுக்கொன்று நேராக ஒப்பிடக்கூடியவை அல்ல. ஆனாலும் எனக்குப் புரிந்தது இது. எச்சரிக்கை என்பது பாதி வாக்கியம். "கிரியேட்டினின் 1.7 மடங்கு ஆகிவிட்டது" என்பதோடு நின்றால், ராத்திரி நாற்பது ரிப்போர்ட் பார்க்கும் டாக்டருக்கு அது நாற்பத்தொன்றாவது சத்தம். "வலி ஊசியை நிறுத்து, பிரஷர் மாத்திரையை யோசி, உடம்பில் நீர் இருக்கிறதா பார், சிறுநீரை அள, நாளை காலை திரும்ப ரத்தம் எடு, இன்னார் பொறுப்பு" என்ற மீதிப் பாதியும் எழுதப்பட்டிருக்க வேண்டும். அந்த மீதியை மென்பொருள் நிறுவனம் எழுத முடியாது. லேபும் தனியாக எழுத முடியாது.

என் பழைய கோடு

இப்போது ஒரு சின்ன ஒப்புதல் வாக்குமூலம்.

லேப் கருவிகளும் மருத்துவமனை மென்பொருளும் பேசிக்கொள்ள 'எச்எல் 7' என்ற செய்தி வடிவம் உண்டு. அதன் இரண்டாம் பதிப்பில் ஒவ்வொரு பரிசோதனை முடிவுக்கும் ஒரு வரி. அந்த வரியின் எட்டாவது புலத்தில் 'எச்', 'எல்' என்ற குறிகள் வரும். அதிகம், குறைவு. பதினைந்து வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் இந்தச் செய்திகளைப் படித்துத் திரையில் காட்டும் பகுதியை எழுதினேன். 'எச்' அல்லது 'எல்' வந்தால் தடித்த எழுத்து, மற்றதெல்லாம் சாதாரண எழுத்து. சோதனையில் எல்லாம் சரியாக வந்தது. கைதட்டலும் கிடைத்தது.

இந்தப் பதிவுக்காக அந்த வடிவத்தின் அட்டவணையைத் திரும்ப எடுத்துப் படித்தேன். அந்த எட்டாவது புலத்தில் வரக்கூடிய குறிகளில் 'யு' என்று ஒன்று இருக்கிறது. பொருள்: குறிப்பிடத்தக்க ஏற்றம். 'டி' என்றும் ஒன்று: குறிப்பிடத்தக்க இறக்கம். அதாவது, "ரேஞ்சுக்குள்தான் இருக்கிறது, ஆனால் இவருக்கு இது பெரிய மாற்றம்" என்று லேப் சொல்வதற்கு அந்த வடிவத்தில் ஏற்கெனவே இடம் இருந்தது. என் கோடு அதைச் சாதாரண எழுத்தில் காட்டி நார்மலாக்கியிருக்கும்.

அந்த வேலையில் நான் ஒரு லேப் டெக்னீஷியனைக்கூடச் சந்தித்ததில்லை. ஒரு டாக்டரையும் சந்தித்ததில்லை. எனக்கு வந்தது ஓர் எக்ஸெல் ஷீட். அப்பாவின் மருத்துவமனையில் இருந்தது என் மென்பொருள் அல்ல. ஆனால் அதை எழுதியவரும் என்னைப்போல் ஒருவர்தான் என்று நினைக்கிறேன்.

நம் ஊரில்

இங்கிலாந்து வழிமுறையை நாளைக்கே இங்கே ஓட்ட முடியுமா? கோடு எழுதுவது சுலபம். பழைய எண்தான் சிக்கல். நாம் காய்ச்சலுக்குத் தெருமுனை லேபில் எடுப்போம், மாஸ்டர் ஹெல்த் செக்கப்புக்கு இன்னொரு இடம், ஆபரேஷனுக்கு மூன்றாவது இடம். ஒவ்வொரு லேபுக்கும் நாம் புது ஆள். ஒப்பிட முந்தைய எண் இல்லாவிட்டால், மிஞ்சுவது அந்தப் பொது ரேஞ்ச் மட்டும்தான்.

லேபுகளுக்கு இடையே எண்கள் பயணம் செய்ய வேண்டுமானால், முதலில் அவை ஒரே பொருளைப் பேச வேண்டும். அதற்கு 'லாயிங்க்' என்ற குறியீட்டு முறை இருக்கிறது. அமெரிக்காவின் ரீகன்ஸ்ட்ரீஃப் நிறுவனம் 1994-இல் ஆரம்பித்தது, யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம். ரத்த சீரத்தில் அல்லது பிளாஸ்மாவில் எடை அளவில் சொல்லும் கிரியேட்டினினுக்கு 2160-0 என்று ஒரு எண். அதையே மோல் கணக்கில் சொன்னால் 14682-9 என்று வேறு எண். யூனிட் குழப்பத்துக்கு இடமே இல்லை. இந்திய அரசின் 2016 மின்னணு மருத்துவப் பதிவுத் தரநிலைகளில் லாயிங்க் இருக்கிறது. 2021 செப்டம்பரில் நாடு முழுக்க ஆரம்பித்த ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தில் ஒவ்வொருவருக்கும் 14 இலக்க எண்ணும் தருகிறார்கள். குழாய்கள் வந்துகொண்டிருக்கின்றன. ஆனால் அவற்றின் வழியாக வரும் எண்ணுக்கு என்ன அர்த்தம், யார் என்ன செய்வது என்பதை ஒவ்வொரு மருத்துவமனையிலும் லேபும் வார்டும் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். அதற்குப் பெரிய திட்டம்கூட வேண்டாம். மாதம் ஒரு மணி நேரம், ஒரு மேஜை, போன மாதம் டெல்டா செக்கில் நின்ற ரிப்போர்ட்டுகள். "இது நின்றபோது நீங்கள் என்ன நினைத்தீர்கள்?", "இது எங்களுக்குத் தெரிந்திருந்தால் என்ன செய்திருப்போம்?" என்ற இரண்டு கேள்விகள் போதும் ஆரம்பிக்க. மென்பொருள் எழுதுகிறவரும் அந்த மேஜையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தால் ரொம்ப நல்லது.

அது வரும் வரைக்கும் நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பழைய ரிப்போர்ட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். வீட்டில் ஐம்பது தாண்டிய ஒவ்வொருவருக்கும் ஒரு ஃபைல் போடுங்கள். யாரையாவது மருத்துவமனையில் சேர்த்தால் அந்த ஃபைலோடு போங்கள். "நார்மலா டாக்டர்?" என்று கேட்பதோடு நிறுத்தாமல், "முன்னாடி இருந்ததுக்கு இப்போ எப்படி இருக்கு?" என்றும் கேளுங்கள். வாந்தி, பேதி, காய்ச்சல் இருக்கும்போது வலி மாத்திரை பற்றி டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்பா இப்போது நன்றாக இருக்கிறார். காலைப் புண் ஆறிவிட்டது, தினமும் நடக்கிறார். கிரியேட்டினின் மட்டும் பழைய 0.7-க்குத் திரும்பவில்லை, 1.1-இல் நின்றுவிட்டது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை எடுக்கிறோம், எப்போதும் ஒரே லேபில். போன வாரம் வந்த தாளிலும் பக்கத்தில் அதே 0.6 – 1.3 தான். தடித்த எழுத்து இல்லை, 'எச்' இல்லை. நான் பேனாவை எடுத்து ஓரத்தில் '0.7' என்று எழுதி ஃபைலில் வைத்தேன்.